மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு

“அப்போ நான் இங்க வாடகைக்கு இருக்கேனா?” என்று டெலேனி கேட்டபோது என் மனைவி நெட்டி சோளரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி ரொட்டியின் பாதியில் நின்றுவிட்டது.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். மேஜைக்கு எதிர்ப்புறம் ஷானா உட்கார்ந்திருந்தாள். மாவட்டக் குழந்தைகள் நலத் துறையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவள். அவள் பொறுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள், ஒரு கார். காரில் ஓட்டுபவர் பக்கத்துக் கதவு திறக்காது. மறுபக்கமாகத் தவழ்ந்துதான் வெளியே வருவாள். அன்றைக்கு எங்களுடையது அவளுக்கு ஐந்தாவது வீடு. நெட்டி வைத்த பீன்ஸைக் கரண்டியால் அளைந்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தாள். அப்போதுதான் டெலேனி, “எங்கப்பா பணம் முன்னாடி கார்லா சித்திக்கு வந்துட்டிருந்துச்சே, இப்போ யாருக்கு வருது?” என்று கேட்டாள். “துறைக்கு வருது கண்ணு. உன் பராமரிப்புச் செலவுக்கு எடுத்துக்கறாங்க,” என்று ஷானா சொல்லிவிட்டாள். பொய் சொல்வதற்கு நல்ல தூக்கம் வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் இந்த விஷயத்தை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

டெலேனி எங்கள் பெண் அல்ல, துறை எங்களிடம் வளர்க்கக் கொடுத்த பெண். இரண்டு வருடத்துக்கு முன், அவளுக்குப் பதினைந்து வயதில், ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு ஷானா கொண்டுவந்து விட்டாள். பைக்குள் அவளுடைய துணிமணிகள். அப்பா வெய்ன் கிராப்ட்ரீ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். நாற்பத்தொரு வயதில் லாரியின் படியில் ஏறும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. சித்தி கொஞ்ச நாள் வைத்திருந்தாள். பிறகு சித்தியையே யாராவது வைத்துப் பார்க்கவேண்டிய நிலைமை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆறு இழுப்பறை வைத்த அலமாரி ஒன்றைக் காலிசெய்து கொடுத்தோம். அவள் அதைத் திறக்கவே இல்லை. இரண்டு வருடமாகத் துணி துவைத்து மடித்து, திரும்பவும் அந்தப் பைக்குள்ளேயே வைத்து, வாயை இறுக முடிச்சுப்போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

தகப்பன் செத்தால் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை மத்திய அரசு மாதாமாதம் பணம் அனுப்பும். தர்மப் பணம் அல்ல. உயிரோடு இருந்தபோது வாராவாரம் அவன் கூலியில் பிடித்தது. வெய்ன் கூலியில் பிடித்தது மாதம் எண்ணூற்றுப் பதினொரு டாலராகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“உங்களுக்குத் துறை எவ்வளவு குடுக்குது, மிஸ்டர் எல்வுட்?” என்றாள் டெலேனி.

“அறுநூத்தி எண்பது,” என்றேன்.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. “அப்போ வாடகை போக லாபத்துல வேற ஓடறேன்,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நெட்டி கத்தியை ரொட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த பீன்ஸ், அந்தப் பன்றிக்கொழுப்பு, என் காபியில் போட்டிருந்த சர்க்கரை எல்லாவற்றையும் ஒரு செத்த மனிதன் வாங்கிக் கொடுத்திருந்தான். ஒரு தடவை நன்றி சொல்லியிருப்பேனா நான்?

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் எல்வுட் ஸ்டம்ப். ஹாக்லி மாவட்டத்தில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஆற்றோரச் சாலையில் ஒரு நடைக்கு ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடம் நாற்பது பிள்ளைகளைச் சண்டை போடாமல் உட்காரவைக்க இரண்டே வழிதான் உண்டு. அடிப்பதற்கு அனுமதி இல்லை என்பதால் கதை சொன்னேன். தொண்ணூற்றேழு வெள்ளத்தில் என் பேருந்து ஓஹையோ ஆற்றில் மிதந்து பள்ளிக்கூடத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே போய்ச்சேர்ந்த கதை. எங்கள் கோழி ஒன்று பித்தளைக் கதவுக்குமிழை மூன்று வாரம் அடைகாத்துக் குஞ்சு பொரித்ததும், அந்தக் குஞ்சுக்குச் சிறகு இருக்கவேண்டிய இடத்தில் கீல் இருந்ததும், சாகும்வரை அது கிறீச்சிட்டதும். இந்த மாவட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே யாரைப் பிடித்தாலும் அவர்கள் என்னிடம் பொய் கேட்டு வளர்ந்தவர்கள். மாவட்டத் திருவிழாவில் ஆகஸ்ட் மாதம் பொய் சொல்லும் போட்டி நடக்கும். அதில் ஏழு தடவை ஜெயித்தேன். பரிசு, எரு அள்ளும் மண்வெட்டி, பொன் வர்ணம் பூசியது. போட்டிக்கு விதி ஒன்றுதான்: உண்மை சொன்னால் தள்ளுபடி.

மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போனேன். பழைய செருப்புக்கடைக் கட்டடம், மூன்று மாடி. மின்தூக்கி மூன்று வருடமாகப் பழுது. என் முழங்கால்களும் ஏறக்குறைய அதே காலமாகப் பழுது. மூன்றாம் மாடியில் கணக்குப் பிரிவு. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்ததும், “மிஸ்டர் எல்வுட்! அந்தக் கோழி இன்னும் இருக்கா?” என்றான். பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்த ராண்டல். தலைமுடி மட்டும் போய்விட்டது.

“செத்துருச்சு. ராண்டல், டெலேனி கிராப்ட்ரீயோட பணத்த எடுத்துக்கப் போறோம்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லாம எடுக்க முடியுமா? சட்டம் இருக்குல்ல.” கோப்பை எடுத்துவந்து விரித்தான். “பாருங்க. சட்டப்படியான காப்பாளருக்கு நோட்டீஸ் போயிருக்கு. ஆட்சேபணை இருந்தா அறுபது நாளுக்குள்ள சொல்லலாம்னு.”

“யாரு காப்பாளர்?”

“நாங்கதான். எங்க இயக்குநர். ரெண்டாவது மாடி.”

“நோட்டீஸ் அனுப்புனது?”

“நாங்கதான். இங்கேருந்து.”

“தபால்லயா?”

“தபால்லதான். ஸ்டாம்ப் ஒட்டி. வந்து சேந்துச்சுன்னு அவங்க முத்திரைகூடக் குத்தியிருக்காங்க பாருங்க.”

“ஆட்சேபணை வந்துச்சா?”

ராண்டல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். உண்மையிலேயே புரட்டிப் பார்த்தான். “வரல சார்,” என்றான்.

அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அலுப்புதான் வந்தது. ராண்டல் கெட்டவன் அல்ல. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். துறைக்குப் பணம் போதாது. போதாத பணத்தில் ஒரு ஓட்டையை யாரோ என்றைக்கோ இந்தப் பணத்தால் அடைத்திருக்கிறார்கள். பிறகு அதை யாரும் தொடவில்லை. முப்பத்தொரு வருடம் புளுகியவனுக்கு இப்படியொரு கடிதத்தைக் கற்பனை செய்யத் தோன்றவே இல்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். முடிவெட்டும் கடையில், தேவாலயத்து வாசலில், தீவனக் கடையில். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். “இந்த வருஷம் இதுதானா எல்வுட்? நல்லா இருக்கு. அந்த ஸ்டாம்ப் ஒட்டற இடம் பிரமாதம்.”

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். திருவிழாக் கூடாரத்தில் அறுநூறு பேர் உட்காருவார்கள். ஒருத்தர் ஒருத்தராகச் சொல்லி மாளவில்லை, அறுநூறு பேரிடம் ஒரே தடவையில் சொல்லிவிட்டால் யாராவது ஒருத்தருக்காவது சுருக்கென்று தைக்காதா என்று நினைத்தேன். நெட்டி, “வேணாம் மனுஷா. சாவு வீட்டுக்குக் கோமாளி வேஷத்துல போற மாதிரி இருக்கும்,” என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு நடந்த மாதிரியும் ஒரு கதை என்னிடம் உண்டு. அதை யாருமே நம்பியதில்லை.

மேடையில் ஏறி, பெயரைச் சொல்லாமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மூன்றாம் மாடி இரண்டாம் மாடிக்கு எழுதிய கடிதம். வந்துசேர்ந்த முத்திரை. அறுபது நாள் காத்திருப்பு. தன்னிடமிருந்து தனக்கு ஆட்சேபணை எதுவும் வராததால் தானே எடுத்துக்கொண்ட பணம். செத்தும் மகளுக்கு வாடகை கட்டுகிற தகப்பன். கூடாரம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். நடுவராக உட்கார்ந்திருந்த ரோவினா டட்டில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள்தான் எங்கள் மாவட்டத்துக் குடும்ப நீதிமன்ற நீதிபதி. அவளும் என் பேருந்தில் வந்தவள்தான். மூன்றாவது வரிசை, சன்னலோரம். நான் சிரிக்காமல் நின்றேன். நான் எப்போதும் சிரிக்காமல்தான் நிற்பேன் என்பதால் அதுவும் எடுபட்டது. எட்டாவது முறையாக மண்வெட்டியைக் கொடுத்தார்கள். “பல வருடங்களில் ஸ்டம்ப் சொன்ன ஆகச்சிறந்த பொய்” என்று ஊர்ப் பத்திரிகை படத்தோடு போட்டது.

மண்வெட்டியோடு திரும்பும்போது கூடாரத்தின் ஓரத்தில் டெலேனி நின்றிருந்தாள். சனிக்கிழமைகளில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்ப்பாள்; திருவிழாவுக்கும் அந்தக் கடை வந்திருந்தது. கையில் இருந்த இரண்டு கூம்புகளிலிருந்தும் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

“எங்கப்பாவ வெச்சு மண்வெட்டி ஜெயிச்சிருக்கீங்க,” என்றாள்.

அதன்பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுத்துத் தரச் சொன்னாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் வாசலைப் பெருக்கும்போது அவளிடம் சொன்னேன். “மார்ச்ல உனக்குப் பதினெட்டு ஆனாலும் நீ எங்கயும் போகவேணாம். துறை பணம் குடுத்தாலும் குடுக்காட்டாலும் இந்த ரூம் உன்னோடது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கீல் வெச்ச கோழிக்குஞ்சு ரூமா?” என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. துடைப்பத்தை வாங்கி மீதியைப் பெருக்கினாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பிள்ளைகளின் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும். வளர்ப்பவர்கள் பேசலாம் என்று சட்டம் இருக்கிறது. இதுவரை நான் பேசியதில்லை. “நல்லா சாப்பிடறா” என்று நெட்டிதான் சொல்வாள். அக்டோபரில் எங்கள் முறை. கிளம்பும்போது கொட்டகையிலிருந்து புது மண்வெட்டியை எடுத்துக் காரில் வைத்தேன். “அது எதுக்கு?” என்று யாரும் கேட்கவில்லை. என்னோடு வாழ்கிறவர்கள் சீக்கிரமே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள்.

நீதிமன்ற வாசலில் உலோகச் சோதனைக் கருவி அலறியது. காவலர் மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ள யாரையாவது பொதைக்கணுமா மிஸ்டர் எல்வுட்?”

“இல்ல டுவேன். திருப்பிக் குடுக்கணும்.”

கூர்மையான பொருளா இல்லையா என்று அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். மேலதிகாரி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எருவைத் தவிர எதையும் இது வெட்டாது என்று அனுமதித்தார்.

காத்திருக்கும் இடத்தில் இரண்டரை மணி நேரம். பெஞ்சுகளில் எங்களைப் போலவே ஆட்கள், மடியில் கோட்டோடு. டெலேனி எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஷானா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். கோப்பு மட்டும் கையை விட்டு நழுவவில்லை.

உள்ளே துறையின் வக்கீல் கிளேட்டன் பிளம். என் பேருந்தில் மூன்று தடவை வாந்தி எடுத்தவன். நல்ல பையன், நல்ல கோட்டு. ரோவினா டட்டில் மேலே உட்கார்ந்திருந்தாள். “ஸ்டம்ப் அவர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்று எழுத்தர் படித்ததும் நான் எழுந்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கிளேட்டன் எழுந்துவிட்டான்.

“யுவர் ஆனர், மன்னிக்கணும். இதே கதைக்குத்தான் ஆகஸ்ட்ல இவருக்குப் பரிசு குடுத்தாங்க. குடுத்தது நீங்க. பத்திரிகையில இருக்கு.” காகிதத்தை நீட்டினான். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரோவினாவின் உதடும் லேசாக இழுபட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை வருடம் நான்தான் பழக்கி வைத்திருந்தேன்.

நான் மண்வெட்டியை எடுத்து அவள் மேஜைக்கு முன்னால் சாய்த்து வைத்தேன்.

“அதத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன், மேடம். நான் போட்டியில ஏமாத்திட்டேன். விதிய மீறி உண்மையச் சொல்லிட்டேன். என்னைத் தள்ளுபடி பண்ணிட்டு ரெண்டாவது வந்த பர்ல் ஹாட்ஜஸுக்குப் பரிசக் குடுத்துடுங்க. அவன் மீன் கதை நல்ல கதை. துளிகூட உண்மை கெடையாது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாக, யாராவது என்னை நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இத்தனை வருடம் நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்கவேண்டி வரும் என்று சேமித்தும் வைக்கவில்லை.

அப்போது ஷானா, கண் சரியாகத் திறக்காமலேயே, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி எழுத்தரிடம் கொடுத்தாள். கிளேட்டன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ரோவினா அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவில்லை. மறுபடியும் போட்டுக்கொண்டு படித்தாள்.

“அனுப்பியது மூன்றாம் மாடி. பெற்றது இரண்டாம் மாடி,” என்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு மெதுவாக, “இதுக்கா சிரிச்சேன் நான்?” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

“விதிப்படிதான் செஞ்சிருக்கோம், யுவர் ஆனர்,” என்றான் கிளேட்டன்.

“கிளேட்டன், இந்தப் பொண்ணோட அப்பா சாகாம ஜெயில்ல இருந்திருந்தா, இவ பராமரிப்புக்கு யாரு குடுத்திருப்பா?”

“நாங்க.”

“செத்ததால அவரு குடுக்கறாரு.”

கிளேட்டன் தன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினான். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

ரோவினா டெலேனியின் பக்கம் திரும்பி, “நீ ஏதாவது சொல்றியாம்மா?” என்றாள்.

டெலேனி எழுந்தாள். கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். “மார்ச் பதினொண்ணுக்கு எனக்குப் பதினெட்டு. அன்னிக்கு நான் ஒரு ரூம் பாக்கணும். அட்வான்ஸ் கேப்பாங்க. எங்கப்பா கல்லு ஒடச்ச காசு அதுக்காவது இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.” உட்காரப் போனவள் மறுபடியும் நிமிர்ந்தாள். “எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியும்.”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூம் பார்க்கவேண்டும் என்றாள் அவள். நெட்டி என் கையைப் பிடித்து அழுத்தினாள், விடவில்லை.

இனி வரும் பணத்தைத் துறை தொடக் கூடாது, பெண்ணின் பெயரில் தனியாக ஒரு கணக்கில் வைக்கவேண்டும் என்று ரோவினா உத்தரவு போட்டாள். இரண்டு வருடமாக எடுத்தது செலவாகிவிட்டது என்றான் கிளேட்டன். அதை டிசம்பரில் பேசலாம் என்றாள். துறை மேல்முறையீடு செய்யும் என்றான் அவன். செய்யட்டும் என்றாள். ஐந்து மாதப் பணம் கைக்கு வரும். அட்வான்ஸுக்குப் போதும். அவள் எங்கள் வீட்டை விட்டுப் போவதற்கான வழியைத்தான் மண்வெட்டி தூக்கிப்போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று கார் நிறுத்தத்தில் உறைத்தது. மண்வெட்டியை ரோவினா திருப்பித் தரவில்லை. எழுத்தர் அதன் கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டி, எண் எழுதி, சான்றுப் பொருள் அறையில் சாய்த்து வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில், ஆற்றோரச் சாலையில் பள்ளத்தாக்கு வளைவு வந்தபோது பின்னிருக்கையிலிருந்து டெலேனி, “மிஸ்டர் எல்வுட்,” என்றாள்.

“ம்.”

“அந்த ரூம் விஷயம். அதுவும் போட்டிக்குத் தயார் பண்ணினதா?”

“இல்ல. அதுக்குப் பரிசு கெடைக்காது.”

கண்ணாடியில் பார்த்தேன். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு சரக்குப் படகு நிலக்கரியோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்ட நெடுநேரம் ஆனது. நெட்டி தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை டெலேனி பள்ளிக்கூடம் போனபிறகு அவள் அறைச் சன்னலை மூடப் போனேன். மழை வரும்போல இருந்தது. அலமாரியின் ஆறு இழுப்பறைகளும் எப்போதும்போல மூடியே இருந்தன. கட்டிலுக்கு அடியில் கறுப்புப் பை அதே இடத்தில் இருந்தது. அதன் வாய் மட்டும் அவிழ்ந்து கிடந்தது. இரண்டு வருட முடிச்சின் சுருக்கங்கள் அப்படியே விறைத்து நிற்க, உள்ளேயிருந்து நீல ஸ்வெட்டரின் ஒரு கை தரையில் நீண்டிருந்தது.